இறக்கக்கண்டி பஸ்ஸும் பதின்மூன்று நிமிடமும்

அத்தியாயம் 4

“நான் சந்தேகக்காரன் இல்லை,” என்று சொல்லிக்கொண்டுதான் ஞானசேகரம் அந்தக் கொப்பியை மேசையில் வைத்தார்.

எண்பது பக்கக் கொப்பி. உள்ளே கோடு போட்டு, திகதி போட்டு, ஒவ்வொரு பள்ளிக்கூட நாளுக்கும் இரண்டு நேரம் எழுதியிருந்தது. பஸ் நிலையத்துக்கு இறக்கக்கண்டி பஸ் வந்த நேரம் ஒன்று. அவருடைய மனைவி வீட்டுப் படலையைத் திறந்த நேரம் மற்றது. மனிதர் மணிக்கூடு திருத்துகிறவர். ஆகவே நேரம் நிமிடத்தோடு நிற்கவில்லை, விநாடியும் இருந்தது.

சந்தேகம் இல்லாதவரே இவ்வளவு எழுதினால் சந்தேகக்காரன் எத்தனை கொப்பி நிரப்புவான் என்று கேட்க வாய் துடித்தது. அன்னலட்சுமி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அக்கா இருபத்திரண்டு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவர். ஊரில் பாதிப் பேருடைய இரகசியம் அவர் காதால் போய் வந்திருக்கிறது, ஒன்றும் வாயால் வந்ததில்லை. மெஷின் வந்து வேலை போனதும் மத்திய வீதியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்து, ‘விசாரணைகள் செய்து தரப்படும்’ என்று பலகை மாட்டினார். நான் பக்கீர், அவருடைய உதவியாள். ஆறு வருடம் கந்தளாய் பஸ்ஸில் கண்டக்டர். சண்டையில் பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததில் வேலை போய், இங்கே வந்து சேர்ந்தேன். மூளை தன்னுடையது, கால் என்னுடையது என்று அக்கா சொல்லுவார். வாயும் என்னுடையதுதான், அதை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

“விசயத்துக்கு வாங்கோ,” என்றார் அக்கா.

“மனிசி தங்கரத்தினம் இறக்கக்கண்டியில படிப்பிக்கிறா. கலியாணம் கட்டி நாலு வருசம். முந்தி பஸ்ஸால இறங்கினா பன்னிரண்டு நிமிசத்தில வீட்டை நிப்பா. பஸ் நிலையத்துக்குப் பின்னால உவர்மலைக்கு ஏறுற படி இருக்கெல்லோ, அதால வாறவ. இப்ப ஆறு கிழமையா இருபத்தைஞ்சு நிமிசம். மிச்சம் பதின்மூண்டு நிமிசம் எங்கை போகுது?”

“பஸ் வாற நேரம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எங்கட மதிலடியில நிண்டா பஸ் நிலையம் தெரியும். றோட்டைத்தான் மரங்கள் மறைக்குது. பைனாகுலர் வைச்சுப் பாக்கலாமெண்டா, சந்தியில நிக்கிற ஆமிக்காரன் என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவான்.”

“பிடிச்சா நல்லது. பிறகு ரீச்சர் எத்தனை மணிக்கு வந்தாலும் பிரச்சினை இல்லை,” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது குற்றத்துக்குப் போனார். சாம்பல்தீவுச் சென்றியில் எல்லாரும் இறங்கி நடக்கும்போது அவள் மட்டும் இறங்குவதில்லையாம். கடைக்கு மணிக்கூடு கொண்டுவந்த ஒருவர் சொன்னாராம்.

இது தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கதை. நிலாவெளி றோட்டில் பஸ் பயணம் என்றால் அன்றைக்குக் கொஞ்சம் நடையும் சேர்த்திதான். சென்றி என்கிற ஆமியின் சோதனைச் சாவடி வந்ததும் பஸ் நிற்கும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக மண்மூட்டைகளுக்கு நடுவால் நடக்க வேண்டும். வெறும் பஸ் மெல்ல உருண்டு வந்து அந்தப் பக்கத்தில் எங்களை மறுபடி ஏற்றும்.

“அந்த நேரம் பஸ்ஸுக்குள்ள இவவும் ட்றைவரும் மட்டும்,” என்றார் ஞானசேகரம்.

மூன்றாவது குற்றம் சட்டைப் பையிலிருந்து வந்தது. நீலக் கட்டம் போட்ட லேஞ்சி. ஆண்கள் வைத்திருக்கும் பெரிய கைக்குட்டை. மனைவியின் பையைத் தேடியபோது அகப்பட்டதாம்.

“மணந்து பாருங்கோ. ஆம்பிளை மணம்.”

அக்கா மணந்தார். பிறகு என்னிடம் தந்தார். எனக்கு டீசல் மணம் வந்தது. ஆறு வருடம் அதற்குள் வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா? ட்றைவர்தான், அலுவல் முடிந்தது என்று நினைத்தேன்.

“வெள்ளிக்கிழமை காலமை அவவைக் கந்தளாய்க்குத் தாய் வீட்டை அனுப்பப் போறன். பெட்டி நானே அடுக்கி வைச்சிட்டன். அனுப்பினா அனுப்பினதுதான், திருப்பிக் கூப்பிட மாட்டன். அவவில பிழை இல்லையெண்டு சொல்லுறதெண்டா நாளைக்குள்ள சொல்லுங்கோ.”

அன்றைக்குப் புதன்கிழமை. அவர் போன பிறகு அக்கா யன்னலைத் திறந்து விட்டார். அந்த மனிதர் இருந்த இடத்தில் காற்றுகூடக் கனத்துப் போயிருந்தது.

எனக்கு அவரில் இரக்கம்தான் வந்தது. ஒளிப்பானேன், நானும் அவருடைய கட்சிதான். என் மனைவி அசனா மீன்காரனோடு விலை பேசிச் சிரித்தால் அன்றைக்கு எனக்கு மீன் இறங்காது. இரண்டு வீடு தள்ளிப் புதிதாக வந்த தையல்காரர் அவளை ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டதற்கு ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த எரிச்சல் வயிற்றில் தொடங்கும், பிறகு கண்ணுக்கு ஏறும். ஏறினால் கண்ட எல்லாம் அந்த நிறம்தான்.

வியாழன் காலை ஏழு மணிக்குப் பஸ் நிலையத்தில் நின்றோம். அக்கா ஒரு கையில் குடையும் மறு கையில் மணிக்கூடுமாக வந்திருந்தார். முதலில் படியால் ஏறினோம். தொண்ணூற்று நாலு படி, செங்குத்து. பாதியில் அக்கா நின்று மூச்சு வாங்கினார்.

“மனுசர் வீடு கட்டுற இடமா இது?” என்றேன்.

“பேசாமல் ஏறு. பேச்சும் மூச்சுத்தான்.”

பன்னிரண்டு நிமிடத்தில் ஞானசேகரத்தின் படலை தெரிந்தது. அது தெரிந்ததும் திரும்பி இறங்கி, உட்துறைமுக வீதியால் சுற்றி நடந்தோம். ஒரு பக்கம் துறைமுகத் தண்ணீர், மறு பக்கம் நீண்ட மதில். அதற்கப்பால் நேவியின் கம்பி வேலி. கடை இல்லை, நின்று கதைக்க ஒரு நிழல் இல்லை. ஒருவருக்கும் தெரியாமல் ஒருவரைச் சந்திப்பதற்கு உலகத்திலேயே மோசமான இடம் அதுதான். வேலிக்குள்ளிருந்து இரண்டு துவக்குகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இதில நிண்டு காதலிக்க நல்ல நெஞ்சு வேணும், அக்கா.”

அக்கா ஆறுதலாக, எங்கும் நிற்காமல் நடந்தார். வளைவில் றோட்டு மெல்ல மெல்ல மேலே ஏறி, அதே படலையில் கொண்டுபோய் விட்டது. மணிக்கூட்டைக் காட்டினார். இருபத்தைந்து நிமிடம்.

“பதின்மூண்டு நிமிசம் அகப்பட்டிட்டு, பக்கீர்.”

“எங்கை?”

“றோட்டிலதான். அவ ஒரு இடத்திலயும் நிக்கேல்ல. சுத்தி வாறா, அவ்வளவுதான்.”

“ஏன் சுத்தி வரவேணும்? ஆரோ கூட வாறான். படியால வந்தா பன்னிரண்டு நிமிசம்தான் கதைக்கலாம். றோட்டால வந்தா இருபத்தைஞ்சு.”

அக்கா குடையை மடக்கினார். “உன்ர மூளை அந்த ஒரு பக்கத்துக்குத்தான் ஓடுமோ?”

மத்தியானம் இறக்கக்கண்டிக்குப் போய், இரண்டேகால் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். ரீச்சரைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் இருக்கவில்லை. ஞானசேகரம் தந்த கல்யாணப் படத்தில் இருந்த அதே முகம், கொஞ்சம் மெலிந்து போயிருந்தது. மண்ணிறச் சேலை, கையில் துணிப்பை. பஸ்ஸுக்குள் நிற்கவே இடம் இல்லை. மீன் கூடைக்காரர், அரிசி மூட்டை, இரண்டு கோழி. ஆனால் முன் சீட் ஒன்று வெறுமையாக இருந்தது. அதில் ஒரு லேஞ்சி விரித்திருந்தது. சிவப்புக் கட்டம்.

அவ்வளவு சனத்தில் ஒருவராவது அந்த லேஞ்சியைத் தூக்கிவிட்டு இருக்கவில்லை. தங்கரத்தினம் ஏறினாள். ட்றைவர் ஒரு கையால் லேஞ்சியை எடுத்தார், அவள் இருந்தாள். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. பேசாமல் நடக்கிற காரியம்தான் பழகின காரியம். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. கட்டினவர் அங்கே மணிக்கூட்டுக்குள் கண்ணை விட்டுக்கொண்டு இருக்கிறார், இங்கே இன்னொருவன் சீட் பிடித்துக் கொடுக்கிறான்.

ட்றைவரின் பெயர் ஸெய்னுதீன் என்று கண்டக்டர் கூப்பிட்டதில் தெரிந்தது. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தலைமயிர் கறுப்பாக இருந்தது, சாயம்தான் போட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிலாவெளியில் பஸ் நின்றதும் அவர் அந்த லேஞ்சியில் எதையோ முடிந்து பின்னால் நீட்டினார். அவள் வாங்கி மூக்கில் வைத்தாள்.

“மணக்கிறா, அக்கா,” என்று காதுக்குள் சொன்னேன். “அவன்ர லேஞ்சியை மணக்கிறா. இதுக்கு மேல என்ன வேணும்?”

“கொஞ்சம் பொறு.”

“அவர் பாவம், அக்கா.”

“ஆர் பாவமெண்டு இன்னும் தெரியேல்ல.”

சாம்பல்தீவுச் சென்றி வந்தது. கண்டக்டர் வழக்கமான கத்தலைக் கத்தினார். பஸ் கலைந்து இறங்கியது. நான் இறங்கும்போது கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். தங்கரத்தினம் அசையவில்லை. கொப்பிக்காரர் சொன்னது முழுதும் சரி. ஆண்கள் வரிசையில் நான் நடந்தேன், பெண்கள் வரிசையில் அக்கா நடந்தார். என் அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் என் முகத்தையும் பார்த்து, ஏன் கோபம் என்று சிங்களத்தில் கேட்டான். வயிற்று நோ என்றேன். அதுவும் பொய் இல்லை.

தடைக்கு அப்பால் பஸ் வரும்வரை ஒரு பனையடியில் நின்றோம்.

“முடிஞ்சுது, அக்கா. எழுதிக் குடுக்கலாம்.”

“பஸ்ஸுக்குள்ள ஆர் ஆர் இருந்தவை?”

“அவவும் ட்றைவரும்.”

“வேற?”

யோசித்தேன். கைத்தடியோடு ஒரு வயதான மனிதர் இருந்தார். கைப்பிள்ளையோடு ஒரு பெண்ணும் இருந்தாள். அவர்களையும் கண்டிருக்கிறேன், ஆனால் பார்க்கவில்லை. சொன்னேன்.

“இப்ப சொல்லு. கண்டக்டர் என்னெண்டு கத்தினவர்?”

வாயைத் திறந்தேன். என்னுடைய சொந்தக் குரலே வந்தது. “வயசுபோன ஆக்கள், கைப்பிள்ளைக்காரர், வயித்தில பிள்ளை உள்ள ஆக்கள் இருங்கோ. மற்ற எல்லாரும் இறங்குங்கோ.”

ஆறு வருடம், ஒரு நாளைக்கு நாலு தரம் நானே கத்தின வசனம். கந்தளாய் றோட்டில் ஒவ்வொரு சென்றியிலும் கத்தினேன். சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டது.

“நீ கண்டக்டராப் பாக்கேல்ல, பக்கீர். புருசனாப் பாத்தனீ,” என்றார் அக்கா.

“லேஞ்சி?”

“தேசிக்காய் முடிஞ்சு வைச்சது. வயித்தைப் பிரட்டிச் சத்தி வராமல் இருக்க மணக்கிறது. நேற்றைய லேஞ்சியிலயும் அந்த மணம் இருந்தது, உனக்கு டீசலுக்கு மேல ஒண்டும் ஏறேல்ல. படி ஏறக்கூடாதெண்டு ஆரும் சொல்லியிருப்பினம். அதாலதான் றோட்டால சுத்தி வாறா.”

“நேற்றே தெரிஞ்சா ஏன் சொல்லேல்ல?”

“ஒரு தேசிக்காயை மட்டும் வைச்சு ஒரு பொம்பிளையின்ர வீட்டைக் காப்பாத்த ஏலாது.”

பஸ் நிலையத்தில் இறங்கியதும் அக்கா அவளுக்குப் பக்கத்தில் போய், தான் யார் என்று சொன்னார். தங்கரத்தினம் திடுக்கிடவில்லை.

“அவர் அனுப்பினவரோ?” என்று மட்டும் கேட்டாள்.

“ஓம், பிள்ளை. எத்தனை மாசம்?”

“மூண்டு முடியப் போகுது. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு பிள்ளை ரெண்டு மாசத்தில கலைஞ்சது, அவருக்குச் சொல்ல முந்தியே. இந்த முறை பஸ்ஸில யன்னலால சத்தி எடுக்கேக்க ஸெய்னுதீன் நானா கண்ணாடியால கண்டிட்டார். அடுத்த நாள் சீட் இருந்தது. அவற்ற மனிசி ஒவ்வொரு நாளும் தேசிக்காய் வெட்டிக் குடுத்து அனுப்புறா. நான் அவவைக் கண்டதுகூட இல்லை.”

எனக்கு ஆனந்தமாகிவிட்டது. “ஏன் ரீச்சர் இன்னும் சொல்லேல்ல? கேட்டா அந்த மனுசன் துள்ளிக் குதிப்பாரே. நாங்க இப்பவே போய்ச் சொல்லுறம்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்கோ, நானா. நான் பின்பக்கத்தால வந்து குசினிக் கதவடியில நிக்கிறன். அவற்ற வாயில முதல் என்ன வருதெண்டு எனக்குக் கேக்கவேணும். அடுக்கின பெட்டியைக் கலைக்கிறதோ இல்லையோ எண்டு அதுக்குப் பிறகு பாப்பம்.”

அவளோடு சேர்ந்து ஆறுதலாகவே நடந்து, படலைக்குக் கொஞ்சம் முன்னால் பிரிந்தோம்.

ஞானசேகரத்தின் முன் அறையில் சுவர் நிறைய மணிக்கூடுகள். இரண்டுகூட ஒரே நேரம் காட்டவில்லை, அவருடைய கைக்கடிகாரம் மட்டும்தான் சரியான நேரம் என்றார். வாசலுக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி, கயிறு கட்டித் தயாராக நின்றது.

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். பதின்மூன்று நிமிடத்துக்குக் காரணம் சுற்று றோட்டு. லேஞ்சியில் இருந்தது தேசிக்காய், வெட்டி அனுப்பியது ட்றைவரின் மனைவி. பஸ்ஸில் தனியாக இருக்கவில்லை, கூட இரண்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி வந்தது. இளகுவதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. என் வயிற்றில் இருந்த கல்லும் சேர்ந்து கரைவது மாதிரி இருந்தது.

“அப்ப ஏன் இறங்காமல் இருக்கிறா?” என்று கேட்டார்.

“வயித்தில பிள்ளை இருக்கு. மூண்டாம் மாசம்,” என்றார் அக்கா.

ஞானசேகரம் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண்கள் என்னைக் கடந்து, சுவரைக் கடந்து, எங்கோ திகதிகளை எண்ணின. பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

“ஆற்றை?”

யாருடைய பிள்ளை என்று கேட்டார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என் வாயிலும் அது வந்திருக்காது என்று சத்தியம் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. வெட்கத்தில் தரையைப் பார்த்தேன்.

குசினிக் கதவு திறந்தது.

“கேட்டிட்டன்,” என்றாள் தங்கரத்தினம்.

அவர் எழும்பினார். “இல்லை, தங்கம், நான் சும்மா ஒரு பேச்சுக்கு—”

“நாலு வருசமா உங்கட பேச்சுக்குத்தான் மறுமொழி சொல்லிக்கொண்டு இருக்கிறன். பஸ் பிந்தினா மறுமொழி. ஆரோடையும் சிரிச்சா மறுமொழி. தலையில பூ வைச்சா ஏனெண்டு மறுமொழி, வைக்காட்டி அதுக்கும் மறுமொழி. நான் சொல்லிச் சொல்லிப் பழகிட்டன், அது என்ர பிழை. ஆனா இந்தக் கேள்விக்கு நான் மறுமொழி சொன்னா, நாளைக்குப் பிறக்கப் போறதும் உங்களுக்கு மறுமொழி சொல்லத் தொடங்கும். அது ஏலாது.”

அழவில்லை. குரலும் உயரவில்லை. வாசலுக்குப் போய்ப் பெட்டியின் கயிற்றைப் பிடித்தாள்.

“நாளைக்கு நீங்க அனுப்பத் தேவையில்லை. இண்டைக்கு நான் போறன்,” என்றாள்.

அக்கா தடுக்கவில்லை. நான் தடுக்கப் போனேன், அக்காவின் கை என் தோளில் விழுந்தது. படலை திறந்து மூடிய சத்தம் கேட்டது.

ஞானசேகரம் மதிலடிக்கு ஓடினார். ஓடிப் போய்க் கூப்பிடுவார் என்று நினைத்தேன். ஒரு சொல், ஒரு பெயர், அது போதும். அவள் இன்னும் பத்து முழம் தூரத்தில்தான் நடந்துகொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். திரும்பி அக்காவிடம் வந்தார். முகம் முழுக்கக் கண்ணீர்.

“அக்கா, உங்களுக்கு ஏலுமெண்டா ஒரு உதவி. அவ நேர கந்தளாய்க்குத்தான் போறாவோ எண்டு ஆரும் ஒருக்காப் பின்னால போய்ப் பாத்துச் சொல்லுவீங்களோ?”

அக்கா அவரை விட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்து, போ என்று தலையை அசைத்தார். நான் ஓடினேன்.

வளைவில் அவளைப் பிடித்தேன். பெட்டியைக் கீழே வைத்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

“எனக்குப் பின்னால வரச் சொன்னவரோ?”

“ஓம் ரீச்சர்,” என்றேன். “பின்னால வர எனக்கு ஏலாது, பக்கத்தில வாறன். பெட்டியைத் தாங்கோ.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெட்டியை என் கையில் தந்தாள்.